வீட்டு வானிலை நிலையத்தைக் கணினியோடு இணைப்பது: ராமநாதபுரம் கடற்கரையில் கவனிக்க வேண்டியவை

கேள்வி, சுருக்கமாக: தொண்டியில் வீட்டு மொட்டை மாடியில் வானிலை நிலையம் ஒன்று மாட்டியாகிவிட்டது. உள்ளே மேசையில் இருக்கும் கன்சோல் எண்களைக் காட்டுகிறது; பின்னால் யூஎஸ்பி துளை இருக்கிறது. பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டையும் இணைத்து, காற்றழுத்தம், காற்று, மழை எல்லாம் தானாகப் பதிவாக வேண்டும். எந்த மென்பொருள், என்னென்ன வாங்க வேண்டும், கரண்ட் போனால் என்ன ஆகும்?

கரண்டைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வயரைச் செருகி எண்களைத் திரையில் வரவழைப்பது அரை மணி நேர வேலை. ஆனால் எந்த நாளின் பதிவு வேண்டுமென்று இதையெல்லாம் மாட்டுகிறோமோ, அந்த நாளில்தான் கரண்ட் போகும், இணையம் போகும், லேப்டாப்பும் சார்ஜ் தீர்ந்து படுத்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் கணினி அணைந்திருக்கும்போது அளவுகளை யார் நினைவில் வைத்திருப்பது? இதற்கு விடை வைத்திருக்கும் கருவியைத்தான் இந்தக் கரையில் நம்பலாம்.

அந்த வகையில் உங்கள் கன்சோல் பழையதாக இருந்தாலும் மோசமில்லை. யூஎஸ்பி துளையோடு வரும் மலிவு நிலையங்களில் பெரும்பாலானவை ஃபைன் ஆஃப்செட் நிறுவனம் செய்து, பல பெயர்களில் விற்கப்படும் டபிள்யூஎச் 1080 குடும்பத்தைச் சேர்ந்தவை. லினக்ஸில் செருகி யூஎஸ்பி பட்டியலைப் பார்த்தால் 1941:8021 என்ற எண் தெரியும். விண்டோஸில் எந்த டிரைவரும் கேட்காமல், விசைப்பலகை செருகியதுபோல் ஏற்றுக்கொள்ளும். இரண்டும் நடக்கவில்லை என்றால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர்கள் வீட்டில் ஏராளம் கிடக்கும். அப்போதும் வரவில்லையென்றால், புதிய வண்ணத்திரை கன்சோல்கள் சிலவற்றில் இருப்பதுபோல அந்தத் துளை மின்சாரத்துக்கு மட்டுமானதாக இருக்கலாம். அப்படிப்பட்ட கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு வழி வைஃபைதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

டபிள்யூஎச் 1080 கன்சோலுக்குள் 4080 பதிவுகள் சேமிக்க இடம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்று அமைத்திருப்பார்கள். அப்படியென்றால் 85 நாள் தாங்கும். அதை 5 நிமிடமாக மாற்றுங்கள். 14 நாள்தான் தாங்கும், ஆனால் அது போதும். எந்தப் புயலுக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்குள் கணினியை ஒருமுறையாவது உயிர்ப்பித்துவிடலாம். 30 நிமிட இடைவெளியில் காற்றழுத்தம் சட்டென்று இறங்கி ஏறிய தடமே காணாமல் போகும்.

மென்பொருள் இரண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்குக் குமுலஸ் எம்எக்ஸ். லினக்ஸ் வைக்கத் தயங்காதவர்களுக்கு வீவெக்ஸ். இரண்டும் இலவசம். பழைய லேப்டாப் என்றால் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு வீவெக்ஸ் வைப்பதையே பரிந்துரைப்பேன். விண்டோஸ் நள்ளிரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் செய்யும். மென்பொருள் திரும்ப எழாமல் கிடப்பதை நீங்கள் மூன்று நாள் கழித்துத்தான் பார்ப்பீர்கள். விண்டோஸ்தான் வேண்டுமென்றால் தூக்க நிலையை முழுதாக நிறுத்துங்கள், மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று அமையுங்கள், யூஎஸ்பிக்கான மின்சேமிப்பையும் அணைத்துவிடுங்கள். குமுலஸின் திரையை அதே கணினியின் உலாவியில் localhost:8998 என்று தட்டிப் பார்க்கலாம்.

நிறுவும்போது இரண்டு மென்பொருளும் இடத்தைக் கேட்கும். தொண்டிக்கு அட்சரேகை 9.74, தீர்க்கரேகை 79.02 போட்டால் போதும். உயரம் கேட்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காற்றழுத்த உணரி மாடியில் இல்லை, கன்சோலுக்குள் இருக்கிறது. ஆகவே மாடியின் உயரத்தைக் கொடுக்கக் கூடாது; கன்சோல் இருக்கும் மேசை கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைக் கொடுக்க வேண்டும். கரையோரத்தில் ஏறத்தாழ எட்டரை மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைகிறது. மாடி உயரத்தைப் போட்டால் மேசைக்கும் மாடிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப அழுத்தத்தில் பிழை வரும்.

இந்தக் கன்சோலுக்குப் பேர்போன நோய் ஒன்று உண்டு. திரையில் எண்கள் ஒழுங்காக மாறிக்கொண்டிருக்கும். கணினிக்கு மட்டும் கன்சோல் காணாமல் போயிருக்கும். மாடியிலிருக்கும் உணரி 48 நொடிக்கு ஒருமுறை ரேடியோ அலை அனுப்புகிறது. அதை வாங்கிக் கன்சோல் தன் நினைவகத்தில் எழுதும் அதே கணத்தில் கணினியும் படிக்கப் போனால், யூஎஸ்பி பகுதி அப்படியே உறைந்துவிடும். தடுப்பதற்கு வழி, கன்சோல் வேலையாக இருக்கும் நொடிகளைத் தவிர்த்துப் படிப்பது. வீவெக்ஸின் அமைப்புக் கோப்பில் ஃபைன் ஆஃப்செட் பகுதியில், படிக்கும் முறையை 'பீரியாடிக்' என்பதிலிருந்து 'அடாப்டிவ்' என்று மாற்றுங்கள். குமுலஸில் ஃபைன் ஆஃப்செட் அமைப்புகளில் வாசிப்பை ஒத்திசைக்கும் தேர்வு இருக்கிறது. இதைச் செய்தால் உறைவது வெகுவாகக் குறையும், அடியோடு நிற்காது.

உறைந்துவிட்டால் யூஎஸ்பி வயரைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பேட்டரியையும் எடுத்து, கன்சோல் முழுதாக அணைந்த பிறகு திரும்பப் போட வேண்டும். இதனால் சிலர் பேட்டரியே இல்லாமல் யூஎஸ்பி மின்சாரத்திலேயே கன்சோலை ஓட்டச் சொல்வார்கள். அப்படி வைத்தால் கணினியிலிருந்தே யூஎஸ்பி மின்சாரத்தை அணைத்துப் போட்டுச் சரிசெய்யலாம். கரண்ட் நிலையாக இருக்கும் ஊரில் அது சரியான யோசனைதான். இங்கே வேண்டாம். கரண்ட் போய் லேப்டாப்பும் அணைந்தால் கன்சோலும் அணையும். 4080 பதிவுக்கான இடம் வெறுமனே கிடக்கும். மூன்று ஆல்கலைன் பேட்டரி எப்போதும் உள்ளே இருக்கட்டும், செப்டம்பரில் புதிது மாற்றுங்கள். ஈரக்காற்றில் பழைய பேட்டரி கசிந்து உள்ளே இருக்கும் தகட்டையே தின்றுவிடும்.

வயர் நீளம் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் நடுவில் வேண்டும். மாடியிலிருந்து கீழே கணினி வரை நீளமாகச் செம்புக் கம்பி இழுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மின்னலுக்கு நேர்வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும். அலை மூலம் வருவதை அலை மூலமே வரவிடுங்கள். அட்டைப் பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருப்பது திறந்தவெளிக்கு. காங்கிரீட் கூரை ஒன்றைத் தாண்டும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். கன்சோலை ஜன்னல் ஓரமாகவும், எல்ஈடி விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் பெட்டி, ஃபிரிட்ஜ், லேப்டாப் சார்ஜர் இவற்றிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியும் வையுங்கள்.

அடுத்தது கடிகாரம். யாரும் எச்சரிக்காத விஷயம் இது. இந்தக் கன்சோலின் ஒவ்வொரு பதிவிலும் தேதியும் மணியும் இருப்பதில்லை. முந்தைய பதிவிலிருந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது மட்டும்தான் இருக்கிறது. கணினி திரும்ப எழுந்ததும் தன் கடிகாரத்தைப் பார்த்து, கடைசிப் பதிவிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் நேரம் போடுகிறது. கணினியின் கடிகாரம் பிழையென்றால் புயல் நாள் முழுவதும் தவறான தேதியில் போய் உட்காரும். லேப்டாப்பில் உள்ளே சிறு பேட்டரி இருப்பதால் தப்பிக்கலாம். பழைய லேப்டாப்பில் அது செத்திருக்கும், ஒருமுறை முழுதாக அணைத்துப் போட்டுச் சோதியுங்கள். லேப்டாப்புக்குப் பதில் ராஸ்பெரி பை என்ற கையளவுச் சிறு கணினி வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய மாடல்களில் கடிகாரமே கிடையாது. கரண்ட் வந்ததும் இணையம் இல்லையென்றால், அணைந்தபோது இருந்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். டிஎஸ்3231 கடிகாரப் பலகையும் ஒரு நாணய பேட்டரியும் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது. ராஸ்பெரி பையில் இன்னொரு பலவீனம் மெமரி கார்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடும். தரவுத்தளத்தைச் சிறு எஸ்எஸ்டியில் வைப்பது நல்லது.

மின்சாரக் கணக்கு எளிது. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 84 வாட்-மணி இருக்கிறது. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எடுக்கலாம், 50 என்று வையுங்கள். ராஸ்பெரி பை ஒன்று 5 வாட் என்றால் பத்து மணி நேரம். அதோடு ரூட்டரையும் மாட்டினால் நாலு மணி நேரத்தில் தீரும். ரூட்டரை மாட்ட வேண்டாம் என்பேன். யூஎஸ்பி கன்சோலுக்கு ரூட்டரே தேவையில்லை, பதிவு உள்ளேயே நடக்கிறது. பல நாள் கரண்ட் இல்லையென்றால் எந்த யூபிஎஸ்ஸும் காப்பாற்றாது; அப்போது காப்பாற்றுவது கன்சோலின் நினைவகமும் உள்ளே இருக்கும் மூன்று பேட்டரியும்தான்.

இனி வைஃபை வகை. ஈக்கோவிட் ஜிடபிள்யூ1000, ஜிடபிள்யூ1100 போன்ற சிறு கேட்வேக்கள் மாடி உணரியின் அலையை வாங்கி வீட்டு வைஃபைக்குத் தருகின்றன. இணைப்பது சுலபம். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும் என்பதால், முதல் இணைப்பின்போது ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள். இணைந்ததும் ரூட்டரில் அதன் முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் முகவரி மாறி, கணினி பழைய வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். குமுலஸில் ஈக்கோவிட் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து அந்த முகவரியைக் கொடுத்தால் 45000ஆம் போர்ட் வழியாகத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். வீவெக்ஸுக்கு இதே வழியில் படிக்கும் துணை டிரைவர் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் வெளி இணையம் தேவையில்லை. நிறுவனத்தின் இணையவழி (கிளவுட்) சேவையை மட்டும் நம்பியிருப்பவர்கள்தான் இணையம் போனால் கை பிசைவார்கள். ஆனால் இந்தச் சிறு கேட்வேக்களுக்குள் சேமிப்பு கிடையாது. கணினியோ ரூட்டரோ அணைந்திருந்த நேரம் போனது போனதுதான். புதிதாக வாங்குவதானால் மெமரி கார்டு செருகும் கன்சோலாகப் பாருங்கள், காசு கூடினாலும்.

டேவிஸ் வான்டேஜ் வகை நிலையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: பதிவுகளைச் சேமிக்க, கன்சோலில் செருகும் லாகரைத் தனியாக வாங்க வேண்டும், அதில் 2560 பதிவு நிற்கும், 5 நிமிட இடைவெளிக்கு ஒன்பது நாள் தாங்கும். சீரியல் இணைப்பென்றால் வேகம் 19200. லினக்ஸில் படிக்க அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்தால் சரியாகும்.

யூஎஸ்பியும் இல்லை, வைஃபையும் இல்லை, வெறும் கன்சோல் மட்டும் என்றால்கூட வழி உண்டு. ஆர்டிஎல் எஸ்டிஆர் என்ற, ரேடியோ அலை வாங்கும் டாங்கிளை லேப்டாப்பில் செருகி, ஆர்டிஎல்_433 என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் மாடி உணரி அனுப்பும் அலையை நேரடியாகவே கேட்டு எண்ணாக மாற்றித் தரும். கன்சோல் செத்துப்போனவர்களுக்கும் இது கைகொடுக்கும். உணரி வாங்கும்போது 433 மெகாஹெர்ட்ஸ் வகையையே கேட்டு வாங்குங்கள். 915 என்று போட்டிருப்பது அமெரிக்காவுக்கானது.

எண்கள் வரத் தொடங்கியதும் அவை சரியா என்று பார்க்க வேண்டும். காற்றழுத்தத்துக்குப் பாம்பனிலும் தொண்டியிலும் இருக்கும் வானிலைத் துறை நிலையங்களின் காலை 8:30 மணி அளவோடு ஒப்பிடுங்கள். காற்று அமைதியான நாலைந்து நாளில் பார்த்து, சராசரி வித்தியாசத்தை மென்பொருளில் திருத்தமாகக் கொடுங்கள். அதன் பிறகு மாலை நாலு மணிக்கு அழுத்தம் இறங்குகிறதே என்று பதற வேண்டாம். நம் அட்சரேகையில் வானம் வெறிச்சென்று இருந்தாலும் காலை பத்துக்கும் இரவு பத்துக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அதிகாலை நாலுக்கும் மாலை நாலுக்கும் தாழும். காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இறங்குவது அன்றாடம் நடப்பது. கன்சோலில் வரும் மேகப் படமும் மழைப் படமும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஏமாந்துதான் மாறுகின்றன, அவற்றைப் பொருட்படுத்தாதீர்கள். பார்க்க வேண்டியது நேற்று இதே மணிக்கு இருந்ததற்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். 24 மணி நேர மாற்றத்தை வரைபடமாகக் காட்டும்படி வீவெக்ஸில் அமைத்துக்கொள்ளலாம். அதற்காக அதைப் பார்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கூடாது. அதற்குத் துறைமுகத்துக் கூண்டும் வானிலைத் துறை அறிவிப்பும்தான்.

காற்றுத்திசைக்குக் கைபேசித் திசைகாட்டியே போதும். இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு பாகைதான். சரியாக மாட்டியிருக்கிறீர்களா என்பதைக் கடற்காற்றே சொல்லிவிடும். தொண்டிக்குக் கடல் கிழக்கே. மார்ச் மாதத்து மதியத்தில் முகத்தில் கடற்காற்று அடிக்கும்போது கணினி மேற்கு என்று காட்டினால் நிலையத்தின் காற்றுத்திசைமானியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். கீழக்கரை, ஏர்வாடிக்காரர்கள் தெற்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள், கடற்காற்றைக் கச்சான் அமுக்கிவிடும்.

மழைமானிக்கு ஒரு கணக்கு. புனல் வாய் 11 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 55 சதுர செ.மீ. அதில் 100 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 18.2 மி.மீ. மழைக்குச் சமம். உள்ளே இருக்கும் சிறு கிண்ணம் நிரம்பிச் சாயும் ஒவ்வொரு சாய்வுக்கும் 0.3 மி.மீ. என்றால் சுமார் 60 சாய்வு வர வேண்டும். மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் வாங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டவிடுங்கள். வேகமாக ஊற்றினால் கிண்ணம் சாயும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. பேய்மழையில் இந்த வகை மானிகள் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். பக்கத்திலேயே சாதாரணக் கண்ணாடி மழைமானி ஒன்று வைத்துக் கையால் அளந்தால் பெருமழை நாளில் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை. குமுலஸில் நாள் நள்ளிரவிலோ காலை 9 மணிக்கோதான் தொடங்கும், வீவெக்ஸில் நள்ளிரவில். அதனால் செய்தித்தாளில் வரும் எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் 5 நிமிடப் பதிவுகளை 8:30 முதல் நீங்களே கூட்ட வேண்டும்.

மழையே இல்லாத ஆனி ஆடியில் கணினி 0.3, 0.6 என்று காட்டினால் அது கம்பம் ஆடுவது. கச்சானில் பைப் அதிரும்போது கிண்ணம் தானாகச் சாய்கிறது. மழைமானியைக் காற்றுமானி இருக்கும் கம்பத்திலிருந்து எடுத்து, மாடிச் சுவரில் தனியாகத் திருகி வையுங்கள். மணலும் காக்கை எச்சமும் புனலை அடைக்கும், உள்ளே எறும்பு கூடு கட்டும். செப்டம்பரில் கழற்றிச் சுத்தம் செய்யாதவர்களின் முதல் மழை பதிவாவதில்லை.

ஈரப்பதத்தில் நம் கரைக்கென்று ஒரு தொல்லை. உணரியின் மேல் படியும் கடல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே நனைந்துகொள்ளும். அதனால் எண் எப்போதும் கூடியே வரும். சோதிக்க, ஒரு மூடிபோட்ட டப்பாவில் தூள் உப்பைச் சில துளித் தண்ணீரில் குழைத்து வைத்து, உணரியை அதைத் தொடாமல் உள்ளே எட்டு மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். கல்லுப்பு வேண்டாம், உப்பளத்து உப்பில் மெக்னீசியம் கலந்திருக்கும், அது கணக்கைக் கீழே இழுத்துவிடும். 5 சதவீதத்துக்குள் பிழை என்றால் மென்பொருளில் திருத்தலாம், அதற்கு மேல் என்றால் உணரியை மாற்றுவதே நல்லது.

உப்பு கெடுக்கும் இன்னொரு இடம் இணைப்பான்கள். காற்றுமானி, மழைமானி வயர்கள் தொலைபேசி வயர் போன்ற சிறு பிளக்கில் முடியும். அதன் செம்பு பச்சை பூத்தால் கணினியில் காற்று சுழியம் என்றே நிற்கும், திசை ஒரே இடத்தில் உறையும். மென்பொருளைக் குறைசொல்வதற்கு முன் மாடிக்குப் போய் இதைப் பாருங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் அடைத்துச் செருகினால் அடுத்த கோடை வரை தாங்கும். கம்பத்துக்கு ஜிஐ பைப் போதும், கிளாம்பும் திருகும் 316 வகை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வயரைக் கட்ட வெள்ளை நிறப் பிளாஸ்டிக் டை வேண்டாம், வெயிலில் பொடிந்துவிடும், கறுப்பு வாங்குங்கள். கச்சான் மாதங்களில் மாதம் ஒருமுறை காற்றுமானியின் கிண்ணங்களையும் வெப்ப உணரியின் தட்டுகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்; அதில் கழுவினால் கழுவியதே வீண்.